லண்டன் பள்ளிகளின் இலவச மதிய உணவும் விசாவும்

சகோதரி, வணக்கம். கணவரின் வேலை விசாவில் அண்மையில் லண்டனுக்கு வந்திருப்பதாகவும், ஆறு, எட்டு, பன்னிரண்டு வயதுள்ள மூன்று பிள்ளைகளும் அரசுப் பள்ளிகளில் சேர்ந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பள்ளியில் தரும் இலவச மதிய உணவை ஏற்றால், பொது நிதி உதவி பெறக்கூடாது என்ற விசா நிபந்தனையை மீறியதாகிவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அப்படி ஆகாது. அந்த நிபந்தனை தடுப்பது யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் தொகை), சைல்டு பெனிஃபிட் (பிள்ளைகளுக்கான தொகை) போன்ற உதவித்தொகைகளை. பள்ளி உணவு அந்தப் பட்டியலில் இல்லை.

இளையவர்கள் இருவருக்கும் வருமானம் பற்றிய கேள்வியே எழாது. ரிசெப்ஷன் என்ற தொடக்க வகுப்பு முதல் இரண்டாம் வகுப்பு வரை இங்கிலாந்து முழுவதும் அரசுப் பள்ளிக் குழந்தைகள் எல்லாருக்கும் 2014 செப்டம்பர் முதல் மதிய உணவு இலவசம். மூன்று முதல் ஆறாம் வகுப்பு வரையுள்ளவர்களுக்கு லண்டன் மேயர் சாதிக் கான் 2023 செப்டம்பரில் இதை விரிவாக்கினார். ஓராண்டுக்கு என்று தொடங்கியது பின்னர் நீட்டிக்கப்பட்டது. இந்த இரண்டாவது ஏற்பாடு லண்டனுக்கு மட்டுமே உரியது என்பதால், வேலை மாறி வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால் எட்டு வயதுப் பிள்ளையின் உணவுக்குப் பணம் கட்ட நேரலாம்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் எதற்கு இலவசம் என்று நம்மவர்களே சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வருமானத்தை வைத்து உணவு தரும் ஏற்பாட்டில், யுனிவர்சல் கிரெடிட் பெறும் குடும்பமாக இருந்தாலும், ஆண்டுச் சம்பாத்தியம் 7,400 பவுண்டைத் தாண்டினால் பிள்ளைக்கு இலவச உணவு இல்லை என்ற விதி 2018இல் வந்தது. அந்தத் தொகையில் இந்த நாட்டில் யார் குடும்பம் நடத்த முடியும்? 2026 செப்டம்பர் முதல் அந்த வரம்பு இருக்காது என்று அரசு 2025இல் அறிவித்தது. அப்போதும், நம்மைப் போல் யுனிவர்சல் கிரெடிட்டே பெற முடியாத விசாக்காரர்கள் தனிக் கணக்குதான். எல்லாருக்கும் உணவு என்னும்போது இந்த வரம்புச் சிக்கல்கள் எதுவும் பிள்ளையின் தட்டுவரை வருவதில்லை. இவன் இலவசத்தில் சாப்பிடுகிறவன் என்று பக்கத்தில் இருக்கும் பிள்ளை அறியவும் வழியில்லை.

பள்ளி அலுவலகத்தில் வருமானம் கேட்டு ஒரு படிவம் தந்தால் குழம்ப வேண்டாம். குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கணக்கிட்டு, பியூப்பில் பிரீமியம் என்ற கூடுதல் நிதியை அரசு பள்ளிக்குத் தருகிறது; அந்தக் கணக்குக்குத்தான் படிவம். அதை நிரப்பினாலும் நிரப்பாவிட்டாலும் உங்கள் இளைய பிள்ளைகளுக்கு உணவு உண்டு.

சைவம் என்றால் சேர்க்கைப் படிவத்தில் குறித்ததோடு நில்லாமல், வகுப்பாசிரியரிடமும் சொல்லிவையுங்கள். இனிப்பு வகைகளில் ஜெலட்டின் சேருமா என்பதையும் கேளுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வாமை இருந்தால் அதை எழுத்தில் கொடுப்பதே சரி.

மூத்த பிள்ளையின் நிலை வேறு. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் தன் செலவில் உணவு தருகிறது. லண்டனின் மற்றப் பகுதிகளில் பெரும்பாலும் பெற்றோரே பணம் கட்ட வேண்டும். ஆனால் பொது நிதி உரிமை இல்லாத குடும்பங்களும் வருமான அடிப்படையில் விண்ணப்பிக்கலாம் என்பது 2022இல் நிரந்தரமாக்கப்பட்டது. அப்போது வகுத்தபடி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள லண்டன் குடும்பத்துக்கு, வரி போக ஆண்டு வருமானம் 34,800 பவுண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக்கூடாது. உங்கள் கணவரின் சம்பளச் சீட்டை எடுத்து, மொத்தச் சம்பளத்தைப் பாராமல் கைக்கு வரும் தொகையைக் கணக்கிடுங்கள். வரம்புக்குள் வந்தால் பள்ளியிலோ கவுன்சிலிலோ, இப்போது நடப்பில் உள்ள தொகையை உறுதிசெய்துகொண்டு, இந்தப் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.