அடித்தவர்கள் மீதே முறைப்பாடு: பாதுகாப்பை யாரிடம் கேட்பது?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது, மேசன் வேலை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் களவு போனது. சந்தேகம் என்று சொல்லி அவனைப் பொலிஸார் வீட்டில் வைத்தே கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு இரவு நிலையத்தில் வைத்திருந்து, கையைக் கட்டி உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டு போகவில்லை. மூன்றாம் நாள் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் அந்த நிலையத்துப் பொலிஸ்காரர் ஒருவர் பக்கத்திலேயே நின்றதால், மோட்டார் சைக்கிளில் விழுந்ததாக டொக்டரிடம் சொல்லிவிட்டான். விட்டு 17 நாள் ஆகிறது. முறையிடப் போகிறோம் என்று தெரிந்த பிறகு இரவில் இருவர் வந்து கேற்றடியில் நிற்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கோ, காசு வாங்கித் தாறன்" என்கிறார். அம்மா, பேசாமல் விடுவோம் என்கிறா. முறைப்பாடு செய்தால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு?
யாழ் மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, உங்கள் அம்மாவின் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். வத்தளைப் பொலிஸார் 2002 ஜூனில் ஆள் மாறிப் பிடித்த ஜெரால்ட் பெரேரா என்ற சமையல் தொழிலாளியை நினைக்கிறேன். சித்திரவதையில் சிறுநீரகம் செயலிழந்து, நினைவு தப்பிக் கிடந்தவர் அவர். உயர் நீதிமன்றம் 2003இல் அவருடைய உரிமை மீறப்பட்டதாகத் தீர்த்து, 8 இலட்சம் ரூபா நட்டஈடும் வைத்தியச் செலவும் கொடுக்கச் சொன்னது. அதற்குப் பிறகு குற்றவியல் வழக்கில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்லச் சில நாட்களே இருந்தபோது, 2004 நவம்பரில் பஸ்ஸில் வைத்துச் சுட்டார்கள். பிழைக்கவில்லை. அந்தக் காலத்தில் இலங்கையில் சாட்சிகளைப் பாதுகாக்க என்று தனிச் சட்டமே கிடையாது. இன்று இருக்கிறது. அதில் குறைகள் உண்டு, அவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் நாட்கணக்கு. விட்டு 17 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்த முதல் இரவிலிருந்து எண்ணினால் 19. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே உங்களிடம் மிச்சமிருப்பது 10, 11 நாள் என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். முறைப்பாட்டைக் கொடுத்தேன் என்பது போதாது, விசாரணை உண்மையில் நிலுவையில் இருந்ததைக் காட்டு என்று நீதிமன்றம் கேட்கும். ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்துக்கு நாளைக்கே போங்கள். மனுவும் ஒரு மாதத்துக்குள்ளேயே போகட்டும்.

மனு கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், ஆனால் தம்பி கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சத்தியக்கடதாசியில் யாழ்ப்பாணத்திலேயே ஒரு சமாதான நீதவான் முன் கையொப்பமிடலாம். அவர் சார்பில் சட்டத்தரணி மனுவைத் தாக்கல் செய்யலாம். ஜெரால்ட் பெரேரா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருடைய மனு ஒரு சட்டத்தரணியின் பெயரில்தான் போனது. பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்தது காயம். இதைத்தான் நான் மிக அவசரம் என்று நினைக்கிறேன். "விழுந்தேன்" என்று ஒருமுறை சொன்னதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று தம்பி நினைக்கக்கூடும். முடியவில்லை. போதனா வைத்தியசாலைக்கு மறுபடி கூட்டிப் போய், சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அறையில் பொலிஸார் யாரும் நிற்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னான், பக்கத்தில் யார் நின்றார் என்பதையும் அவரிடமே சொல்லிப் பதியச் செய்யுங்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்தவனுக்கு முழங்கையிலும் முழங்காலிலும் உராய்வு இருக்கும். இரண்டு உள்ளங்காலும் ஒரே மாதிரி வீங்கிக் கன்றிப் போகாது, மணிக்கட்டைச் சுற்றி வளையமாகக் கயிற்றுத் தடமும் இருக்காது. இதைப் படித்தறியப் பயிற்சி பெற்றவர்கள் சட்ட வைத்திய அதிகாரிகள். ஆனால் 19 நாளில் கன்றல் நிறம் மாறி மங்கியிருக்கும், இன்னும் ஒரு கிழமை போனால் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். இன்று பகல் வெளிச்சத்தில் காலையும் கையையும் முகத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். அன்று போட்டிருந்த சாரத்தைத் தோய்த்துவிட்டீர்களா தெரியவில்லை. தோய்க்கவில்லை என்றால் அப்படியே ஒரு கடதாசிப் பையில் போட்டு வையுங்கள்.

வைத்தியப் பரிசோதனைக்கான படிவம் சாதாரணமாகப் பொலிஸிடமிருந்துதான் வரும். அந்த நிலையத்துக்குப் போய்க் கேட்காதீர்கள். வார்டில் அனுமதித்தால் வைத்தியசாலைப் பொலிஸ் காவலரண் மூலம் அந்த வேலை நடக்கும். அங்கே தடங்கல் வந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் சொல்லுங்கள்.

இரண்டு இரவு வைத்திருந்ததைப் பொலிஸார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விசாரித்துவிட்டு அன்றைக்கே அனுப்பிவிட்டோம் என்று தகவல் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். வெற்றுத் தாளில் வாங்கிய கையெழுத்து அங்கேதான் போய் நிற்கும். ஆகவே உங்கள் பக்கத்துச் சான்றை இப்போதே சேருங்கள். அம்மா சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோனது எத்தனை மணிக்கு, எந்த ஓட்டோவில், வாசலில் அதை வாங்கி வைத்தவர் யார்? அந்த இரண்டு நாளும் தம்பியின் போனுக்கு நீங்கள் எடுத்த அழைப்புகள் உங்கள் போனில் இன்னும் இருக்கும், அழிக்காதீர்கள். வெற்றுத் தாள் விஷயத்தை எல்லா முறைப்பாடுகளிலும் எழுதுங்கள். நாளைக்கு அதில் களவை ஒத்துக்கொண்டதாக எதையாவது எழுதிக் காட்டினாலும், பொலிஸ் அதிகாரியிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்காது.

சரி, பாதுகாப்புக்கு வருவோம்.

சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் முதலில் 2015இல் 4ஆம் இலக்கமாக வந்தது. இப்போது அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டவரையும் சாட்சியையும் மிரட்டுவது, முறைப்பாட்டை வாபஸ் வாங்க வைப்பது, முறையிட்டதற்காகப் பழிவாங்குவது எல்லாம் அந்தச் சட்டத்தில் தனிக் குற்றங்கள். குடும்பத்தாருக்கும் பாதுகாப்புக் கேட்கலாம். அதாவது கேற்றடியில் வந்து நின்றவர்கள் தம்பியை அடித்த குற்றத்துக்கு மேலே இன்னொரு குற்றத்தைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அதைத் தனியாக முறையிட வேண்டும். அதற்கு ஒரு கொப்பி போடுங்கள். "பயமுறுத்தினார்கள்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, மோட்டார் சைக்கிளின் நிறம், இலக்கத் தகட்டில் தெரிந்த எண்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், அதைக் கேட்ட அயலவர் யார் என்று அன்றிரவே எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்புங்கள்.

இந்தச் சட்டத்தின்படி அமைந்த தேசிய அதிகாரசபையிடம் பாதுகாப்புக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். வழக்கு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு நீதிமன்றத்திடமும் கேட்கலாம். இனி இதில் உள்ள குறை. பாதுகாப்பை நடைமுறைப்படுத்தும் பிரிவு பொலிஸ் திணைக்களத்துக்குள்தான் இருக்கிறது. அடித்தது பொலிஸ், காவலுக்கு வருவதும் பொலிஸ். இதை மனித உரிமைச் சட்டத்தரணிகள் தொடக்கத்திலிருந்தே சொல்லி வருகிறோம், இன்னும் திருப்தியான விடை இல்லை. அதனால் விண்ணப்பத்திலேயே, முறைப்பாட்டில் பெயர் வரும் நிலையத்தைச் சேர்ந்தவர்களோ அந்தப் பொலிஸ் பிரிவைச் சேர்ந்தவர்களோ எங்கள் பாதுகாப்புக்கு வரக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். கேட்கத் தயங்காதீர்கள், நியாயமான கோரிக்கைதான்.

முறைப்பாடு எத்தனை இடத்துக்குப் போகலாம் என்று யோசிப்பீர்கள். என் அனுபவத்தில் ஆபத்து அதிகமாக இருப்பது முறையிடப் போகிறார்கள் என்ற செய்தி ஊரில் பரவியும் எங்குமே எழுத்தில் பதியாமலும் இருக்கிற இந்த இடைவெளியில்தான். நீங்கள் இப்போது நிற்பது அதில்தான். உங்களைத் தடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று அவர்கள் நினைக்கிற காலம் இது. மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும், தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிலும், சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்திலும், சாட்சிப் பாதுகாப்பு அதிகாரசபையிலும் ஒரே நாளில் எழுத்து மூலம் பதிந்து, பொறுப்பேற்ற முத்திரையோடு பிரதி வாங்கிவிட்டால், தம்பிக்கு ஏதாவது நடந்தால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்புவதாக இருந்தால் பற்றுச்சீட்டைத் தவற விடாதீர்கள். அவசரமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.

அந்தப் பெரியவரின் கடிதத்தில் கையெழுத்து வேண்டாம். அவர் நல்ல மனதோடுகூட வந்திருக்கலாம். ஆனால் "அடிக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு உயர் நீதிமன்றத்தில் அந்தத் துண்டைத்தான் முதலில் நீட்டுவார்கள். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி சித்திரவதைக்கு 7 வருடத்துக்குக் குறையாமலும் 10 வருடத்துக்கு மேற்படாமலும் சிறை, அதோடு அபராதம். மேலதிகாரி சொல்லித்தான் செய்தேன் என்பது அந்தச் சட்டத்தில் ஒரு சமாதானமே இல்லை. ஊரில் காசு கொடுத்துத் தீர்த்துக்கொள்ளக்கூடிய வழக்கு அல்ல இது. குற்றப்பத்திரம் தாக்கல் செய்வது சட்டமா அதிபர். பெரியவர் வந்த நாளையும் சொன்ன தொகையையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.

தம்பியை இனிப் பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொன்னால் தனியே அனுப்பாதீர்கள், இரவில் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். நிலையத்தில் சட்டத்தரணி கூட நின்று பேச 2012ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இடம் தருகின்றன. கஞ்சாவோ கசிப்போ வைத்துக் கள்ள வழக்குப் போடுவார்கள் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கும். அந்தப் பயத்தையும் முறைப்பாட்டிலேயே முன்கூட்டி எழுதுங்கள். பிறகு அப்படி ஒன்று நடந்தால் அந்த வரி நீதவான் முன்னால் பேசும். தம்பி கொஞ்ச நாள் வேறு பிரதேசத்தில் உறவினர் வீட்டில் இருப்பது நல்லது. முகவரி சட்டத்தரணிக்கும் ஆணைக்குழுவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். நடந்ததை அவன் வாயாலேயே போனில் பதிவுசெய்து வையுங்கள், ஆனால் இப்போதைக்கு முகப்புத்தகத்தில் போட வேண்டாம். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்த சித்தங்கேணி இளைஞன் இறந்தபோது, வைத்தியசாலையில் அவன் சொல்லிவைத்த காணொளி எவ்வளவு பெரிய சான்றாக நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். பொலிஸாரைக் கைது செய்யும் அளவுக்கு அந்த விடயம் போனது.

இது நீண்ட வழி என்பதையும் சொல்லிவிட வேண்டும். தேசபந்து தென்னக்கோன் பொலிஸ் அத்தியட்சகராக இருந்த காலத்துச் சித்திரவதை பற்றி 2011இல் தாக்கலான மனுவுக்கு 2023 டிசெம்பர் 14ஆம் திகதிதான் தீர்ப்பு வந்தது. அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். அந்தக் கதிரையில் இருந்தவரையே உயர் நீதிமன்றம் பொறுப்பாளி என்று சொன்னது. ஆனால் அதற்குள் 12 வருடம் போய்விட்டது. அதனால்தான் கொப்பியை இரண்டு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள் என்கிறேன். சாட்சி சொல்லும் நாள் கிட்ட வரும்போதுதான் மிரட்டல் திரும்பவும் வரும். அந்த வேளையில் பாதுகாப்பை மறுபடி கேளுங்கள். வேறோர் இடத்திலிருந்து காணொளி மூலம் சாட்சியமளிக்கவும் சட்டத்தில் வழி உண்டு.

கடைசியாக ஒன்று. தம்பிக்கு முன்வர மனம் இல்லை, அம்மா தடுக்கிறா என்றால், மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அவன் சார்பில் நீங்களே முறைப்பாடு கொடுக்கலாம், முன்பு சொன்ன 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நாளைக்கு அங்கே போகும்போது உங்கள் அடையாள அட்டை, தம்பியின் அடையாள அட்டைப் பிரதி, ஆஸ்பத்திரித் துண்டு, நடந்ததை நாள்வாரியாக எழுதிய இரண்டு பக்கம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அடித்தவர்களின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உடம்பு வாகு, பேசிய மொழி, ஒருவரையொருவர் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை எழுதுங்கள். அந்த இரவுகளில் கடமையில் இருந்தவர்களின் விபரத்தை நிலையத்திடம் கேட்டு வாங்குவது ஆணைக்குழுவின் வேலை.