பழைய எம்ஆர்2 காரில் ஏர்கோன் கேஸ் மூன்று மாதம்கூட நிற்கவில்லை, லீக்கை எங்கே தேடுவது?

கேட்டவரின் நிலைமை இது: 1991 டொயோட்டா எம்ஆர்2, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டியிருக்கிறது. மூன்று பட்டறைகளில் காட்டியும் லீக் கிடைக்கவில்லை. காருக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலில் இருந்து கேஸை அழுத்தும் கம்ப்ரசர் வரை மொத்தமாக மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். லீக் எங்கே என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால், மாற்றாமல் விட்ட ஒரே சாமானில்தான் ஓட்டை இருக்கும். அதுவும் எம்ஆர்2-வில் பெரும்பாலும் அப்படித்தான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மூன்று மாதம் என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. கேஸ் எத்தனை நாளில் போகிறது என்பதுதான் அது எங்கே போகிறது என்பதற்கு முதல் துப்பு. போட்ட மறுநாளே காலி என்றால் கேஸின் சூட்டை ஆற்றும் கண்டென்சரில் கல் பட்டிருக்கும், அல்லது ஹோஸ் கிழிந்திருக்கும். எண்ணெய் வழிந்து கண்ணாலேயே தெரியும். ஒரு வருடம் இரண்டு வருடம் தாங்கினால் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீலும் பழைய ரப்பர் ஹோஸ்களும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவில், சில வாரம் முதல் சில மாதம் வரை என்றால் ஊசிமுனை ஓட்டை, மூட்டில் வரும் ரப்பர் வளையமான ஓ-ரிங், ஹோஸ் முனையை நசுக்கிப் பிடித்திருக்கும் கிரிம்ப், கேஸ் ஏற்றும் வாயான சர்வீஸ் வால்வு, கூலிங் காயில், இவற்றில் ஒன்று. உங்களுடையது இந்த ரகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் அரைக் கிலோ போகிறது என்று வைத்துக்கொண்டால் நாளைக்கு ஐந்தரை கிராம். ஆர்134ஏ என்ற ஏர்கோன் கேஸ் வெளியே வந்து ஆவியாக நிற்கும்போது ஒரு லிட்டர் சுமார் 4.2 கிராம்தான் எடை இருக்கும். அப்படியென்றால் நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 0.9 மில்லி லிட்டர் காற்றில் கலக்கிறது. சோப்பு நுரையைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் குமிழி கண்ணுக்குத் தெரிய வேண்டிய அளவு இது. நல்ல மின்னணு டிடெக்டர் ஆண்டுக்கு 4 கிராம் கசிவையே பிடிக்கும். உங்கள் கார் ஆண்டுக்கு 2,000 கிராம் வேகத்தில் விடுகிறது, அதாவது ஐந்நூறு மடங்கு. இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் கருவியில் குறை இல்லை, சரியான இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்த மூன்று பட்டறைகளையும் நான் குறை சொல்லவில்லை. சாதாரண காரில் பானெட்டைத் திறந்தால் முக்கால்வாசி குழாய் கண்முன்னே நிற்கும். இந்தக் காரில் எஞ்சினும் கம்ப்ரசரும் சீட்டுக்குப் பின்னால், கண்டென்சர் மூக்கில். நடுவில் இரண்டு அலுமினியக் குழாய்கள் காரின் அடிவயிற்றோடு நீளமாக ஓடுகின்றன. அங்கே யாரும் தலையை விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தேடுவதற்கு முன், உள்ளே மிச்சம் இருக்கும் கேஸை ரெக்கவரி மெஷினில் எடுத்து எடை பாருங்கள். கேஜ் (அழுத்தமானி) மாட்டி "பிரஷர் இருக்கு, கேஸ் இருக்கு" என்று சொல்வதை நம்பாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது உள்ளே துளி திரவம் இருந்தாலும், 30 டிகிரி வெயிலில் கேஜ் 97 பிஎஸ்ஐ பக்கம் காட்டும். முழுசாக இருந்தாலும் அதே 97தான், பாதி இருந்தாலும் அதே 97தான். தராசு மட்டுமே உண்மை சொல்லும்.

இன்னொன்று, 1991 கார் ஆர்12 என்ற பழைய ஏர்கோன் கேஸில் பிறந்தது. மலேசியா மாதிரி நாடுகளுக்கு அந்தக் கேஸ் 2010 ஜனவரி 1-ல் கெடு முடிந்தது. ஆகவே இடையில் யாரோ ஆர்134ஏ-க்கு மாற்றியிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதல் சந்தேகம் மிகச் சின்ன இடத்தில்: பழைய சர்வீஸ் வால்வின்மேல் திருகிய அடாப்டர். அதன் உள்ளே ஒரு வால்வு கோர் (டயர் வால்வில் இருப்பது போன்ற சின்ன ஊசி), அடியில் பழைய கோர் ஒன்று, இரண்டும் கிழடு. மூடியைக் கழற்றி ஒரு சொட்டு சோப்பு நீர் விட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூடிக்குள் ஓ-ரிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையில் கேஸை அடைத்து நிறுத்துவது அந்த மூடிதான், கோர் இல்லை. பாதிப் பேர் அதைத் தொலைத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் தொப்பியைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அது சரி என்றால் காரைத் தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். அடிக் கவர்களைக் கழற்றினால் குழாய்களைப் பிடித்திருக்கும் கிளாம்ப்கள் தெரியும், உள்ளே ரப்பர் வைத்தவை. வெளியே தெரியும் குழாய் பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கிளாம்பைக் கழற்றி ரப்பரை உரியுங்கள். உள்ளே செம்மண் ஈரமாக ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தால் அலுமினியத்தின்மேல் திருநீறு பூசியது போல வெள்ளைப் பொடி. விரல் நகத்தால் சுரண்டுங்கள். பொடியின் கீழே கறுப்பாக, ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. அதைச் சுற்றி மட்டும் மண் எண்ணெய்ப் பசையோடு கறுத்திருக்கும். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே வரும் என்பதால் அந்தக் கறுப்புத்தான் கையெழுத்து. ஒரு கிளாம்பில் கிடைத்துவிட்டது என்று நிறுத்தாமல் எல்லாக் கிளாம்பையும் உரித்துப் பாருங்கள். ஒன்றில் அரித்திருந்தால் அடுத்ததிலும் அரித்துக்கொண்டுதான் இருக்கும்.

நம்ம பக்கம் இது ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறது என்றால் மண் மட்டும் காரணமில்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். உரம் ஏற்றிய லோரி தார்ப்பாய் கட்டாமல் தோட்டத்து ரோட்டில் சிந்திக்கொண்டே போகிறது, மழை அதைக் கரைத்துச் சேறாக்குகிறது, நம் காரின் வயிற்றில் அப்புகிறது. இதே ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி வலை போடாமல் ஓடி, பின்னால் மோட்டாரில் வருபவன் தலைக்குக் குறிவைக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நேரத்திலும் இதே கதை. யார் கேட்கிறார்கள்? சரி, இது ஏர்கோன் கேள்வி. வாரம் ஒருமுறை காரின் அடியை வெறும் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள், அவ்வளவுதான் நம்மால் முடிந்தது.

அடியில் ஒன்றும் இல்லை என்றால் டிடெக்டரை எடுக்க வேண்டும், அதிலும் நேரம் பார்க்க வேண்டும். கம்ப்ரசர் ஓடும்போது, கேஸ் அதற்குள் திரும்பி வரும் லோ சைடில் 30 பிஎஸ்ஐ பக்கம்தான் இருக்கும். நிறுத்திக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகி 97-க்கு ஏறும். ஆகவே கூலிங் காயிலையும் சக்ஷன் ஹோஸையும் நிறுத்திய பிறகு தேடுங்கள். கண்டென்சரையும் கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் ஹோஸையும் நன்றாக ஓட்டி, சூடாக நிறுத்திய அந்தச் சில நிமிடத்துக்குள் தேடுங்கள். ஆர்134ஏ காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், கீழே வழியும். ஒவ்வொரு மூட்டின் அடிப்பக்கமும் டிடெக்டர் முனை 5 மில்லி மீட்டர் தூரத்தில், நொடிக்கு இரண்டு மூன்று சென்டி மீட்டர் வேகத்தில் நகர வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது, பக்கத்தில் பெட்ரோல், பிரேக் கிளீனர், ரப்பர் பசை எதுவும் திறந்திருக்கக் கூடாது. மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகைப் பட்டறையில் மத்தியானக் காற்றில் வேலைக்காகாது, விடியற்காலையில் செய்யுங்கள். எம்ஆர்2-வில் கம்ப்ரசர் ஹோஸ்களின் கிரிம்பைக் கையால் லேசாக ஆட்டிக்கொண்டே பாருங்கள். எஞ்சின் குலுங்கும்போது மட்டும் திறக்கும் லீக் அங்கே உண்டு.

கூலிங் காயில் பயணி பக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால். அந்தக் காலத்துக் காரில் கேபின் ஃபில்டர் கிடையாது. தூசியும் சருகும் ஈரமான காயிலில் ஒட்டி மக்கி அரிக்கும். புளோவரை நிறுத்தி அரை மணி நேரம் விட்டு, தண்ணீர் வடியும் குழாயின் வாயில் டிடெக்டரைக் காட்டுங்கள். முனைக்குள் தண்ணீர் போனால் கருவி போச்சு, கவனம். லீக்கில் ஒளிரும் யூவி சாயம் போட்டிருந்தால் அதே குழாயின் வாயை நீல விளக்கில் பாருங்கள்.

இத்தனைக்கும் கிடைக்கவில்லையா, கேஸை எடுத்துவிட்டு நைட்ரஜன். வெல்டிங் கேஸ் கடையில் ஆக்சிஜன் கலக்காத நைட்ரஜன் கேளுங்கள், ரெகுலேட்டர் இல்லாமல் தொடாதீர்கள். 150 பிஎஸ்ஐ ஏற்றினால் போதும். அவசரத்துக்கு ஆக்சிஜன் உருளையை மாட்டுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். உள்ளே எண்ணெய் இருக்கிறது, வெடிக்கும். "வேக்கம் போட்டுப் பார்த்தேன், முள் அசையவில்லை, லீக் இல்லை" என்று உடனே சிலர் எழுதுவார்கள். உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்துப் பார்க்கும் வேக்கம் சோதனையில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ மட்டுமே, அதுவும் தலைகீழ்த் திசையில். நிஜத்தில் 200 பிஎஸ்ஐக்கு மேல் உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. பெரிய ஓட்டைக்கு அது சரி, உங்கள் லீக்குக்குப் போதாது. நைட்ரஜனை இரவு முழுக்க விட்டால் ஒன்றைக் கணக்கில் எடுங்கள்: மத்தியானம் 33 டிகிரி, விடியலில் 23 டிகிரி என்றால் லீக்கே இல்லாமல் சுமார் 5 பிஎஸ்ஐ இறங்கும். நுரைக்கு ஒரு பங்கு பாத்திரச் சோப்பு, நான்கு பங்கு தண்ணீர். சில சொட்டு கிளிசரின் சேர்த்தால் சீக்கிரம் காயாது.

சரி செய்வது. அடிக்குழாயை, பழைய காரை இரண்டாக அறுத்து விற்கும் ஹாஃப் கட் கடையில் தேடி ஈப்போ நகருக்கு அலையாதீர்கள். காரை இரண்டாக அறுப்பதே அந்த இடத்தில்தான், குழாய் முழுசாக எப்படி வரும்? அரித்த துண்டை வெட்டி எறிந்து, அதே விட்டமுள்ள அலுமினியக் குழாயை ஸ்லீவ் வைத்து ஆர்கன் வெல்டிங் செய்யலாம். குழாயைக் காரிலிருந்து கழற்றி உள்ளே எண்ணெயை முழுக்கக் கழுவிய பிறகுதான். எண்ணெய் மிச்சமிருந்தால் வெல்டிங்கில் துளைத் துளையாக வரும். கேஸ் இருக்கும் குழாயில் தீ காட்டுவது விஷம், ஆர்134ஏ சூட்டில் உடைந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். ஹோஸ் என்றால், செம்பனை டிராக்டருக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கிற கடை பக்கத்திலேயே இருக்கிறதே என்று போகாதீர்கள். எத்தனை ஆயிரம் பிஎஸ்ஐ தாங்கினாலும் அதன் ரப்பர் வழியாகக் கேஸ் ஊறி வெளியேறும். உள்ளே நைலான் படலம் உள்ள ஏர்கோன் பேரியர் ஹோஸ் வேண்டும்.

திறந்த மூட்டெல்லாம் புது எச்என்பிஆர் ரப்பர் ஓ-ரிங். பச்சை நிறமாக இருந்தால் சரி என்று நம்பாதீர்கள், நிறத்துக்குச் சட்டம் கிடையாது, பொருளைக் கேட்டு வாங்குங்கள். ஓ-ரிங்கில் மினரல் எண்ணெய் தடவுங்கள். ஆர்134ஏ கம்ப்ரசருக்குப் போடும் பிஏஜி எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி மூட்டை அரிக்கும். அலுமினிய நட்டுக்கு எப்போதும் இரண்டு ஸ்பேனர், எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டருக்குமேல் வேண்டாம். ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரைக் கட்டாயம் மாற்றுங்கள், ஆர்134ஏ-க்கு எக்ஸ்எச்-7 அல்லது எக்ஸ்எச்-9 வகை உறிஞ்சு மணிகள் உள்ளது. டிரையருக்கு சுமார் 20 மில்லி, கூலிங் காயிலோ கண்டென்சரோ மாற்றினால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 40 மில்லி எண்ணெய் சேர்க்க வேண்டும்.

லீக் அடைக்கும் திரவம் என்று இணையத்தில் விற்பதைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் இறுகும் வகை அது. கூலிங் காயிலுக்குக் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்விலும் அடுத்தவரின் ரெக்கவரி மெஷினிலும் போய் இறுகும். ஆர்12-க்குப் பதில் என்று வரும் ஹைட்ரோகார்பன் கேஸும் அப்படியே, புரோப்பேன் கலவை. கூலிங் காயில் லீக் ஆகிற காருக்குள் அதை விட்டால் அடுப்பு கேஸைத் திறந்துவிட்டு உட்காருவதற்குச் சமம். மூன்று மணி நேரம் தேடும் கூலியைக் கொடுக்க மனம் வராமல், வருடத்துக்கு நான்குமுறை கேஸுக்குக் கொடுப்பவர்களால்தான் இவை விற்கின்றன. கோபித்தாலும் பரவாயில்லை, அதுதான் நடக்கிறது.

கடைசியாக 45 நிமிடமாவது வேக்கம். நம் ஊர் ஈரத்துக்கு 15 நிமிடம் எங்கே காணும்? நிரப்புவது எடையில்தான்: காரில் ஒட்டியிருக்கும் லேபலில் உள்ள ஆர்12 அளவில் 80 முதல் 90 விழுக்காடு. கேஸ் ஓடுவதைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியான சைட் கிளாஸில் குமிழி மறையும்வரை போட்டால் ஆர்134ஏ-ல் அதிகமாகிவிடும். போட்ட கிராமையும் தேதியையும் டேப்பில் எழுதி பானெட்டின் உள்ளே ஒட்டுங்கள்.

கேஸை எடுத்து எடை பார்த்தபின் அந்த எண்ணையும், கிளாம்ப் கழற்றிய படங்களையும் இங்கே போடுங்கள். குழாயை வெட்டும் முன் போட்டால் இன்னும் நல்லது.