பழங்குடி ஆய்வு மையம் தொடங்க முதலில் என்ன வேண்டும்?

"பழங்குடிச் சமூகங்களின் பண்பாட்டுக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்குகிறோம், எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்துக்கு வரைபடம் போடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சேகரிக்கப் போவதெல்லாம் யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் எழுதி வைத்துவிடுங்கள்.

ஒரு காப்பகத்தில் பழைய ஒலிநாடாக்களைப் பட்டியல் போடும் வேலையில் சில மாதம் இருந்தேன். ஒரு கேசட்டின் மேல் 'மூதாட்டி, தாலாட்டு, பக்கம் 2' என்று மட்டும் இருந்தது. பதிவு செய்த ஆய்வாளர் பெயர் பெட்டியிலும் உறையிலும் கொட்டை எழுத்தில் இருக்கிறது, பாடியவர் பெயர் எங்கும் இல்லை, ஊர்கூட இல்லை. பேரப்பிள்ளைகள் தேடி வந்தாலும் எடுத்துக் கொடுக்க வழியில்லை. கள ஆய்வில் இப்படிப் பாடியும் சொல்லியும் தருபவர்களைத் 'தகவலாளி' என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது.

அப்புறம் ஒப்புதல். படிவத்தில் கையெழுத்து வாங்கினால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுப்பாய் மக்கள் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள், நீரிழிவு ஆய்வுக்கு என்று நம்பித்தான். கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் தாங்கள் அந்த மண்ணிலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் மக்களிடம். வழக்குப் போட்டு, 2010இல்தான் 7 லட்சம் டாலரும் மீதமிருந்த மாதிரிகளும் கைக்கு வந்தன.

பிலிப்பைன்ஸின் 1997ஆம் ஆண்டுப் பழங்குடி உரிமைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே ஒப்புதல் என்றால், விஷயத்தை அவர்களுக்குப் புரிகிற மொழியில் முழுசாகச் சொல்லி, அவர்கள் தங்கள் வழக்கப்படி கூடிப் பேசி எடுக்கும் முடிவு. இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், 'வேண்டாம்' என்றும் சொல்லலாம். உங்கள் திட்ட அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறதா?

இன்னொன்று, எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடும் ஆசை. பெண்கள் மட்டுமே கேட்க வேண்டிய பாட்டு இருக்கும், இறந்தவர் படத்தைக் காட்டக்கூடாத வழக்கமும் இருக்கும். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து செய்த வேலையில் பிறந்த 'முகுர்ட்டு' என்ற இலவச மென்பொருளில், எதை யார் பார்க்கலாம் என்று அந்தச் சமூகமே வரையறுக்கலாம். புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லிப் பணத்தைக் கொட்டாமல் இதை முயன்று பாருங்கள்.

நிர்வாகக் குழுவில் பாதிப் பேராவது அந்தச் சமூகங்களிலிருந்து, ஓட்டுரிமையோடு இருக்கட்டும். விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தும் 'ஆலோசகர்' பதவி வேண்டாம். பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு ஊதியம் கொடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் பாடியவர் பெயர், ஊர், தேதியை அன்றைக்கே எழுதுங்கள், பெயர் வேண்டாம் என்று அவரே சொன்னால் ஒழிய. ஒரு நகலை அதே வாரம் அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள், அவர்களிடம் இருக்கிற போனில் ஓடுகிற மாதிரி.