அடிசன் நோயோடு ஜெர்மனி போகும் ஓசூர் நண்பருக்கு

அடிசன் நோயை (அட்ரீனல் சுரப்பி உடலுக்குத் தேவையான கார்டிசால் ஹார்மோனைச் சுரக்காத நோய்) வைத்துக்கொண்டு வேலைக்காக ஜெர்மனி போகப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கிருஷ்ணகிரியில் இருக்கும் எனக்கும் அதே நோய்தான். தைரியமாகப் போங்கள். அந்த ஹார்மோனுக்கு ஈடாக நாம் சாப்பிடும் ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையைத் தேவைக்கு இரண்டு மடங்கு வாங்கிக் கைப்பையில் வையுங்கள். ஒருமுறை என் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது; சட்டைப்பையில் இருந்த ஒரு அட்டை மாத்திரைதான் காப்பாற்றியது.

மேற்கே பறக்கும்போது பகல் நீளும், கூடுதல் டோஸ் வேண்டுமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். காய்ச்சலுக்கு எவ்வளவு கூட்டுவது என்றும் எழுதி வாங்குங்கள். ரொம்ப முக்கியம்: வாந்தி நிற்காவிட்டால் மாத்திரை தங்காது. 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி உடனே போட்டாக வேண்டும், அப்புறம் நேரே ஆஸ்பத்திரி. ஊசி மருந்து, சிரிஞ்ச், டாக்டர் கடிதம் மூன்றும் ஒரே உறையில் இருக்கட்டும். கூட வருபவருக்கும் அதைக் காட்டிவிடுங்கள்.