பாக்கெட் உப்பிப்போகும் ஊர்

கேள்வி: இமாசலத்தின் ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்குச் செப்டம்பரில் போக ஆசை. கணவருக்கு வயது 63, எனக்கு 59. மணாலி வழியாகப் போனால் ஒரே நாளில் காசா ஊரை எட்டிவிடலாம் என்கிறான் மகன். அங்குள்ள பழைய ஊர்களில் எதைத் தவறவிடக் கூடாது?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மகன் சொல்வது கணக்குக்குச் சரி, உடம்புக்குச் சரிவராது அம்மா. மணாலி ஏறக்குறைய 2,050 மீட்டர். விடியலில் கிளம்பினால் அன்றைக்கே 4,500 மீட்டருக்கும் மேலுள்ள குன்சும் கணவாயைத் தாண்ட வேண்டும். நாமோ கடல் மட்டத்தில், கடலூர் சில்வர் பீச்சில் காலாற நடக்கிற ஜனம். நானும் முதல் முறை அந்த அவசரத்தில்தான் போனேன். புதுச்சேரி நேரு வீதியில் வாங்கிய முறுக்குப் பாக்கெட் கணவாயில் தலையணைபோல உப்பி நின்றது. காற்றழுத்தம் குறைந்ததன் வேலை. வேடிக்கை பார்த்துச் சிரித்தேன். அன்றிரவு காசாவில் என் தலையும் அப்படித்தான் ஆயிற்று; ஒரு வாய்க் கஞ்சி இறங்கவில்லை.

சிம்லா வழியே போங்கள். கல்பாவில் இரண்டு இரவு. பிறகு நாக்கோ ஏரியைப் பார்த்துவிட்டு, அங்கே தங்காமல் இறங்கி, தாபோவில் இரண்டு இரவு. அதன் பிறகு காசா. கிளம்புமுன் இருவரும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். தலைவலியோ குமட்டலோ வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் உடனே இறங்கிவிடுங்கள்.

தவறவிடக் கூடாதது தாபோ பௌத்த மடாலயம். 996இல் எழுந்தது, தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்த 1010க்கும் முந்தியது. ஆனால் கல் அல்ல, மண். நம் ஊர் ஐப்பசி அடைமழை நாலு வருடம் பெய்தால் கரைந்துவிடும்; அது மழைமறைவுப் பகுதி என்பதால் நிற்கிறது. வெளியே பார்த்தால் மொட்டை மண் பெட்டி, 'இதற்கா இவ்வளவு தூரம்?' என்று தோன்றும். உள்ளே போனதும் கண் இருட்டுக்குப் பழகும்வரை அசையாமல் நில்லுங்கள். சுவரில் பதித்த சுதை உருவங்கள் ஒவ்வொன்றாக முன்னே வரும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நல்லதாகப் போயிற்று!

கேள்வி: அங்கே மீன் கிடைக்குமா?
- வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: திரும்பி வரும்வரை மீனை மறந்துவிடுங்கள். துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் சூடாகக் கிடைக்கும். அங்கே விளையும் பச்சைப் பட்டாணியை உரித்து அப்படியே தின்னலாம், இனிக்கும். கருவாடு எடுத்துப் போகும் யோசனை இருந்தால், முறுக்குப் பாக்கெட் கதையை மறுபடி படியுங்கள். பஸ்ஸில் மற்றவர்களும் இருப்பார்கள்.