பிராண்டை விடுங்கள் தம்பி, மூலப்பெயரைக் கேளுங்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் கொரியாடவுனில் பார்மசி டெக்னீஷியனாகச் சேர்ந்திருக்கும் தம்பி, கொரியப் பெரியவர்கள் நம் லேபிளை விட்டுவிட்டு சர்ச்சிலும் காக்காவ்டாக் என்ற கொரிய அரட்டைச் செயலியிலும் கேட்டதையே நம்புகிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆங்கிலத் தாள் அவர்களுக்கு ஓடாது. கொரிய மொழியில் சொல்பவர் யாரோ, அவர் பேச்சுதான் ஏறும். இன்னொன்று, மருத்துவர் எழுதுவதையும் பார்மசி கொடுப்பதையும் கொரியாவில் சட்டப்படி பிரித்ததே 2000-இல்தான். அதற்கு முன்பே குடியேறியவர்களுக்கு நேரே பார்மசியில் நோயைச் சொல்லி மாத்திரை வாங்கித்தான் பழக்கம். நம்மூர் மெடிக்கல் ஷாப்பைப் பார்த்த உங்களுக்கு இது புதிதல்ல.

சிக்கல் நேவர் என்ற கொரியத் தேடல் தளத்தில். அங்கே வருவது கொரிய பிராண்டுப் பெயர். நம் பாட்டிலில் இருப்பது மூலப்பெயர், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். இரண்டும் ஒன்றென்று தெரியாமல் சேர்த்துப் போடுவார்கள். கெவோரின் என்ற கொரிய வலி மாத்திரையில் 300 மி.கி. அசிட்டமினோஃபென் (நம்மூர் பாராசிட்டமால்) உண்டு. டைலனாலும் அதே அசிட்டமினோஃபென்தான்; கூடவே 500 மி.கி. டைலனால் என்றால் ஒரே மருந்து இருமுறை. வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு அசிட்டமினோஃபென் உச்சவரம்பு 4000 மி.கி.; தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. இதயத்துக்குத் தினமும் போடும் குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு கதை: அங்கே 100 மி.கி., இங்கே 81. அளவைக் குறைத்து ஏமாற்றுகிறோம் என்று சண்டைக்கே வருவார்கள்.

கொரியாவில் ஒரு வேளைக்குரிய மாத்திரைகளை எல்லாம் ஒரே சின்னப் பையில் போட்டு ஒட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பையை மட்டும் நீட்டினால் பெயர் தெரியாது. வெளி உறையை, இல்லாவிட்டால் அதன் போட்டோவையாவது, கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மாத்திரை மேல் உள்ள எழுத்து, வடிவம், நிறத்தைக் கொடுத்து கொரிய உணவு, மருந்துப் பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்தில் தேடலாம். ‘சோங்புன்மியோங்’ என்ற இடத்தில் மூலப்பெயர் இருக்கும். அதைப் பார்மசிஸ்டிடம் கொடுங்கள். ஆலோசனை சொல்வது அவர் வேலை, உங்களுடையது அல்ல.

‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்றால் இல்லை என்பார்கள். ஹன்யாக் என்ற கொரிய மூலிகைக் கஷாயமும் சிவப்பு ஜின்செங்கும் அவர்கள் கணக்கில் மருந்தே இல்லை. தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜின்செங், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேலையைக் குறைக்கக்கூடும். ஹன்யாக்கில் சேரும் அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

லேபிளுக்கு கூகுள் மொழிபெயர்ப்பு வேண்டாம். கலிஃபோர்னியா பார்மசி வாரியமே ‘ஒரு மாத்திரை படுக்கும் முன்’ போன்ற வரிகளைக் கொரிய மொழியில் வெளியிட்டிருக்கிறது. கேட்டால் அந்த வரியோடுதான் கொடுக்க வேண்டும். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது, நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.