பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டி ஷவர் வைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் முப்பது வருடப் பழைய வீடு. கீழ்த்தளத்தில் 6க்கு 4 அடி குளியலறை. சிவப்பு ஆக்சைடு தரை, சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ். ஷவர் வைக்க நினைக்கிறோம். பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் இரண்டடி வரை ஓதம் ஏறி பெயிண்ட் உரிகிறது. எதையும் உடைக்க வேண்டாம், மேலேயே ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஓதம் இருக்கிற சுவரை மூடினால் ஈரம் படுக்கையறைப் பக்கம் இன்னும் மேலே ஏறும். வாளியில் மொண்டு குளிக்கும்போது சுவரின் மேல்பாதி அவ்வளவாக நனையாது. ஷவர் வந்துவிட்டால் ஆறடி வரை தினமும் நனையும். டைல்ஸ் இடுக்கு வழியாகத் தண்ணீர் கொஞ்சமாவது உள்ளே போகத்தான் செய்யும். அதைத் தடுக்க வேண்டியது பின்னால் இருக்கும் பூச்சும் கீழே இருக்கும் தரையும்தான்.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்து, மாடித் தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் இறங்கியிருந்தால் எங்கோ குழாய் ஒழுகுகிறது. இறங்கவில்லை, ஆனால் குளியலறையைப் பத்து நாள் பூட்டி வைத்ததும் சுவர் உலரத் தொடங்குகிறது என்றால் கசிவு தரையிலோ டிராப்பிலோ (கழிவுநீர் இறங்கும் தரைக்குழி) இருக்கிறது. வீட்டின் எல்லாச் சுவரடியிலும் ஓதம் இருந்தால் அது நிலத்திலிருந்து ஏறுவது. அதற்கு வேறு வைத்தியம்.

சுவரில் பழைய டைல்ஸையும் பூச்சையும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். படுக்கையறைப் பக்கமும் ஓதத்தின் விளிம்புக்கு மேலே ஓரடி சேர்த்து எடுக்க வேண்டும். செங்கல் இடுக்கில் உதிர்கிற சாந்தை அரை அங்குல ஆழம் சுரண்டுங்கள். வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் செங்கலுக்குள்ளேயே போகும். பிறகு சுவரைக் காயவிடுங்கள். பாலித்தீன் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

சிவப்பு ஆக்சைடு தரை வழவழப்பானது, அதன்மேல் எதுவும் பிடிக்காது. அதையும் அடியில் உள்ள தளர்ந்த ஜல்லியையும் எடுத்துவிட்டு, மூன்று அங்குலம் 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் போடுங்கள். உடைத்த டைல்ஸையும் செங்கல் துண்டுகளையும் அங்கேயே நிரப்பவிடாதீர்கள். இடைவெளிகளில் தண்ணீர் தேங்கி, பல மாதம் கழித்து ஓதமாக வெளியே வரும்.

குழாய் வேலை பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும். நாலரை அங்குலச் சுவரில் குழாய்க்காகப் படுக்கைவாட்டில் வெட்டும் காடியின் ஆழம் முக்கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, செங்குத்தாக என்றால் ஒன்றரை அங்குலம் வரை போகலாம். அதனால் குழாயைத் தரையோரம் கொண்டுவந்து மேலே ஏற்றுவதே நல்லது. டைவர்ட்டரின் (தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பும் வால்வு) உடலில் ஆழத்துக்கான கோடு இருக்கும். பூச்சு 15, ஒட்டும் பசை 4, டைல்ஸ் 8 என்று செங்கலுக்கு வெளியே சுமார் 27 மி.மீ. வரும், அதைக் கணக்கிட்டுப் பொருத்தாவிட்டால் மேல்தட்டு உட்காராது. சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் இணைப்புகளுக்கு ஒரு நாள் விட்டு, முனைகளில் டம்மி பிளக் போட்டு, கைப்பம்பால் 5 கிலோ அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க வைத்துப் பாருங்கள்.

பூச்சுக் கலவை 1:4 (சிமெண்ட், மணல்). மூட்டை சிமெண்டுக்கு 200 மி.லி. வாட்டர்புரூஃப் திரவம் போதும். கழுவிய பி-சாண்ட் (பூச்சுக்கான செயற்கை மணல்) வாங்குங்கள். நனைத்துப் பிசைந்ததும் கையில் மாவு அப்பினால் திருப்பி அனுப்புங்கள். திசையன்விளை, உவரிப் பக்கம் வீடு உள்ளவர்கள் தேரி மணலையும் உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரையும் கலவையில் சேர்க்கவே கூடாது. தூக்குக்குண்டு வைத்துப் பூசி, ஏழு நாள் தண்ணீர் காட்டுங்கள். நம் ஊர் வெயிலில் காலை, மாலை மட்டும் தெளித்தால் பத்தாது, நனைத்த சாக்கைத் தொங்கவிடுங்கள்.

அதிகம் தவறுவது வாட்டம். குளிக்கும் மூன்றடிச் சதுரத்தில் அடிக்குக் கால் அங்குலம், மீதித் தரையில் அடிக்கு அரைக்கால் அங்குலம் டிராப்பை நோக்கிச் சரிய வேண்டும். வாசலில் முடிந்த தரை படுக்கையறைத் தரையைவிட ஓரங்குலம் கீழே இருக்கட்டும். டைல்ஸ் ஒட்டும்போது சரிசெய்துகொள்ளலாம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். வாட்டம் சிமெண்ட் தளத்திலேயே வர வேண்டும். டிராப்பைச் சுற்றி மிச்சக் கலவையை அப்பாமல், சுருங்காத கிரௌட்டால் (இடுக்கை நிரப்பும் கலவை) அடைக்கச் சொல்லுங்கள்; கசிவு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

சிமெண்ட் பால் ஊற்றுவது வாட்டர்புரூஃபிங் ஆகாது. பொடியும் திரவமுமாக வரும் அக்ரிலிக் பூச்சை, வாட்டம் கொடுத்த தளத்தின் மேலே அடியுங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்து, நாரிழை வலை பதித்து, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட். ஷவர் பக்கச் சுவர்களில் ஏழடி உயரம், மற்றவற்றில் ஓரடி, டிராப்பின் கழுத்துக்குள்ளும் அடியுங்கள். உங்கள் அறைக்குச் சுமார் 78 சதுர அடி வரும். சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ என்றால் 11 கிலோ. டப்பாவில் போட்டிருக்கும் அளவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் காய்ந்தபின் வாசலில் சிறு வரப்புக் கட்டி, டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் தேக்குங்கள். வெயிலில் ஆவியாவதும் உண்டு; அதற்காகப் பக்கத்தில் ஒரு பேசினிலும் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வைத்துக் கோடு போடுங்கள். தரையில் பேசினைவிட அதிகமாக இறங்கினால் டைல்ஸ் ஒட்டாதீர்கள். டிராப்பையும் மூலைகளையும் திரும்பப் பூசி, மறுபடி தேக்குங்கள். மட்டம் சரியாக நின்றபின் தரைக்கு ஓரடிச் சதுர வழுக்காத டைல்ஸ் எடுங்கள். பெரிய டைல்ஸ் வாட்டத்துக்கு மடங்காது. விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது; வெறும் சிமெண்ட் அதைப் பிடிக்காது என்பதால் பாலிமர் கலந்த டைல்ஸ் பசையால் ஒட்டி, இடுக்குக்கு எபாக்ஸி கிரௌட் போடுங்கள்.